நின்றாலும் தேயும் வண்டி

(வெளியில் நிறுத்திய காரைப் பல வாரங்கள் பாதுகாப்பது எப்படி?)

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் டிப்ளமோ



பல நாள் ஊருக்குப் போகிறோம் என்றால் என்னென்ன செய்கிறோம்? கேஸ் சிலிண்டரை மூடுகிறோம். மெயின் சுவிட்சை அணைக்கிறோம். துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கிறோம். ஆனால் வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கப் போகிற காருக்கு என்ன செய்கிறோம்? பூட்டிவிட்டு, கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். "ஓடினால்தானே தேயும், நின்றால் என்ன ஆகும்?" என்பது பலருடைய எண்ணம். அது தவறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை நான் முதலில் கற்றது வகுப்பறையில் அல்ல. என் அப்பா சென்னைப் புறநகரில் ஒரு வீட்டில் மாதச் சம்பளத்துக்கு டிரைவராக இருந்தார். நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம், வீட்டுக்காரர் மகளைப் பார்க்க ஐப்பசியில் வெளிநாடு போனார். 45 நாள். போர்ட்டிகோ இல்லாத வீடு. கார் தெருவில் புங்க மரத்தடியில் நிற்கும். சாவியை அப்பாவிடம் கொடுத்து, "ரோட்டுல எடுக்க வேணாம்ப்பா. ஒருநாள் விட்டு ஒருநாள் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா சொன்னபடி செய்தார். மழை வந்ததும் சொந்தக் காசில் நீலத் தார்ப்பாய் வாங்கி மூடிக் கயிறு கட்டினார். கடைசிப் பதினோரு நாள் விடாத மழை. திறந்தால் நனைந்துவிடும் என்று மூடியே வைத்திருந்தார். வீட்டுக்காரர் திரும்பி வந்து சாவியைத் திருகினார். 'டிக்... டிக்...' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தால் வண்டி நகரவில்லை. பின் சக்கரம் பிடித்துக்கொண்டிருந்தது. முன் விளக்கு எரியவில்லை. எலி ஒயரைக் கடித்திருந்தது. தார்ப்பாயை எடுத்தால் பானட் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"ஸ்டார்ட் பண்ணியா இல்லையா? உண்மையைச் சொல்லு."

"பண்ணேன் சார்."

அவர் நம்பவில்லை. அப்பாவும் அதற்குமேல் பேசவில்லை. செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்று ராத்திரி அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "நான் பண்ணேன்டா. அப்புறம் எப்படி பேட்டரி இறங்கும்?"

அந்தக் கேள்விக்கான பதில் இரண்டாம் ஆண்டு ஆட்டோ எலக்ட்ரிக்கல் லேபில் எனக்குக் கிடைத்தது. அதிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

1. பேட்டரி: ஒரு வரவு செலவுக் கணக்கு

சாவியை எடுத்துவிட்டாலும் கார் முழுதாகத் தூங்குவதில்லை. கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்குக் காத்திருக்கும் சென்ட்ரல் லாக், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் பேட்டரியிலிருந்து சிறிது சிறிதாக மின்சாரம் எடுக்கும். நல்ல நிலையில் உள்ள காரில் இந்தக் கசிவு பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். 25 என்று வைத்துக்கொள்வோம்.

0.025 ஆம்பியர் × 24 மணி = ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர்-அவர். 45 நாளுக்கு 27. சின்ன பெட்ரோல் கார்களில் சாதாரணமாக இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. அதாவது சும்மா நின்றே முக்கால் பங்கு காலி!

இனி அப்பாவின் கணக்கு. இரண்டு நாள் கசிவு 1.2. செல்ஃப் மோட்டார் ஒரு தடவை சுற்ற 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். நேரம் ஒன்றிரண்டு நொடிதான் என்பதால் அதற்கு ஏறக்குறைய 0.1. ஆக, செலவு 1.3. வரவு எவ்வளவு? வண்டி ஐடிலில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மெதுவாகத்தான் சுற்றும். அது தருவதில் ஒரு பகுதி இக்னிஷன், பெட்ரோல் பம்ப் ஆகியவற்றுக்கே போய்விடும். மிச்சம் 5 ஆம்பியர் பேட்டரிக்குள் போகிறது என்று வைத்தாலும், 5 நிமிடத்தில் 0.4 தான் ஏறும். ஒவ்வொரு தடவையும் நிகர நஷ்டம் 0.9!

34 நாளில் 17 தடவை ஸ்டார்ட் செய்ததில் நஷ்டம் 15.3. மழையில் மூடியிருந்த 11 நாளுக்கு 6.6. மொத்தம் ஏறக்குறைய 22. மூன்று வருடப் பழைய பேட்டரி இதைத் தாங்குமா? தாங்காது. ஸ்டார்ட் செய்தும் பேட்டரி இறங்கும் நண்பர்களே! அப்பா பொய் சொல்லவில்லை. அவர் உழைப்பால் மிச்சமானது 5 ஆம்பியர்-அவர். அது போதவில்லை, அவ்வளவுதான். (கசிவின் அளவு வண்டிக்கு வண்டி மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.)

இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால் இன்னொரு கேடும் உண்டு. மின்சாரம் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாகிவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. வெயில் காலத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுவது. கசிவு அடியோடு நிற்கும். பேட்டரி தானாக இழப்பது மாதத்துக்குச் சில சதவீதம் மட்டுமே. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஏன்? பாசிட்டிவை முதலில் கழற்றப்போய், ஸ்பானர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். கழற்றிய முனையில் துணி சுற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள். அதன்பின் ரிமோட் வேலை செய்யாது, அலாரமும் இருக்காது. ஆகவே கதவைக் கையால் பூட்டும் சாவி எது, அது வேலை செய்கிறதா என்பதை முன்பே பார்க்க வேண்டும். சில வண்டிகளில் ரேடியோ கோடு கேட்கும். அதையும் குறித்துவைக்க வேண்டும்.

இரண்டாம் வழி: நம்பிக்கையான ஆள் இருந்தால் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டச் சொல்வது. பேட்டரி ஏறும்; டயர் புரளும்; பிரேக் காயும்; ஏ.சி.யைப் போட்டால் கம்ப்ரஸர் சீலுக்கும் எண்ணெய் போகும்.

இரண்டும் இல்லாமல் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்வது நடுவழி, அதனால் பயனில்லை. கெடுதல்கூட உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. வேதியியல் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள், தெரியும். சைலன்ஸர் சூடேறினால் அந்த ஆவி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் உள்ளேயே தண்ணீராகித் துருப்பிடிக்கும். பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரும் இப்படிக் குறுகிய ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும்.

பேட்டரியின் நிலையை அறிய மல்டிமீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பார்த்தால் 12.6 வோல்ட் என்பது முழுச் சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி; 12.0 கால். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும்.

2. ஹேண்ட் பிரேக்: இழுத்துவிட்டால் பத்திரமா?

சின்ன கார்கள் பலவற்றில் பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் லைனர் டிரம்மோடு அழுந்தி நிற்கும். ஈரமும் சேர்ந்தால் இடையில் துரு ஏறி ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் நிறுத்தும்போது, சமதளத்தில் முதல் கியரில் போட்டு (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங் நிலையில்), சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ அண்டை கொடுத்து, பிறகு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும். சரிவான இடம் என்றால் இடத்தையே மாற்றுங்கள். கியரில் நிற்கும் வண்டி என்பதை ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டுவது நல்லது. தெரியாமல் சாவி திருகினால் வண்டி குதித்துவிடும்.

3. டயர்

நாலு டயரும் ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்றால் அந்த இடம் சப்பையாகும். காற்றும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாக இறங்கும், குறைந்த காற்று சப்பையை அதிகமாக்கும். போகும்முன் டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு மேல் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாக அடிக்கலாம், டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டக்கூடாது. திரும்பி வந்து ஓட்டும்முன் சரியான அளவுக்குக் குறைக்க வேண்டும். இடையில் யாராவது வந்து வண்டியைக் கால் சுற்று நகர்த்தி வைத்தால் இன்னும் நல்லது. ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள்!

4. கவர்: மூடுவதும் கெடுக்கும்

அப்பா போட்ட தார்ப்பாய் மழையைத் தடுத்தது உண்மை. ஆனால் தரையிலிருந்து எழும் ஈரத்தையும் உள்ளேயே பிடித்து வைத்தது. வெயில் அடித்ததும் அந்த ஈரம் வெந்நீர் ஒத்தடம் போல பெயிண்டை வேகவைத்தது. வெள்ளைத் திட்டு வந்த காரணம் இதுவே. காற்றுப் புகும் துணிக் கவரே வேண்டும். அதையும் கழுவித் துடைத்துக் காய்ந்த வண்டிமேல்தான் போட வேண்டும். தூசியின் மேல் போட்டால் காற்றில் ஆடும் ஒவ்வொரு தடவையும் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். அடியில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டும் வகை நல்லது.

பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் இளகிய பெயிண்டில் அது தழும்பு போட்டுவிடும். ஈரத்துணியால் ஊறவைத்து எடுக்க வேண்டும், காய்ந்ததைச் சுரண்டக்கூடாது. மர நிழல் நல்லதுதான், ஆனால் பிசின், எச்சம், முறியும் கிளை மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னை மரத்தடி எந்தக் காலத்திலும் வேண்டாம்!

வைப்பர் ரப்பர் வெயிலில் கண்ணாடியோடு ஒட்டும். அடியில் ஒரு மடித்த துணியை வைத்துவிடுங்கள்.

5. எலி

எலிக்கு இருட்டும் இளஞ்சூடும் கடிக்க ஒயரும் கிடைக்கிற இடம் பானட்டுக்குள்தான். ஐந்து நிமிட ஸ்டார்ட் அதற்கு அடுப்பு மூட்டி வைத்த மாதிரி! வண்டிக்குள் நிலக்கடலைத் தோல், பிஸ்கட் தூள், பிரசாதப் பொட்டலம் எதுவும் இருக்கக்கூடாது. குப்பைத் தொட்டி, வைக்கோல் அருகே நிறுத்தக்கூடாது. பானட்டுக்கு அடியில் நுழையும் வழிகளில் மெக்கானிக்கைக் கொண்டு கம்பி வலை அடிக்கலாம். சிலர் புகையிலைக் காம்பு கட்டி வைப்பார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். வைத்தால் ஸ்டார்ட் செய்யும்முன் எடுத்துவிட வேண்டும், சூடான பாகத்தில் விழுந்தால் தீப்பிடிக்கும். ஏ.சி. காற்றை 'உள் சுழற்சி'யில் வைத்து நிறுத்தினால் பல வண்டிகளில் அந்த வழி அடைபடும்.

6. தண்ணீர்

முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் இருக்கும் இடத்தில், மழைநீர் வடியும் துளைகள் உண்டு. இலை விழுந்து அடைத்தால் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் அதைக் கட்டாயம் சுத்தம் செய்ய வேண்டும். தரை மிதியடிகளை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மேடு. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் எத்தனையோ கார்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின. அந்த அனுபவத்தால்தான் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

மூழ்கிய வண்டியை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஏனெனில் காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு போய்த்தான் பார்க்க வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்குச் சாதாரண இன்ஷூரன்ஸில் பொதுவாகப் பணம் கிடைக்காது. அதற்குத் தனிச் சேர்ப்பு எடுத்திருக்க வேண்டும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் வராது. நாம் ஊரில் இல்லாத நாட்களில் இன்ஷூரன்ஸ் முடிகிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

7. பெட்ரோலும் உள்ளே இருக்கும் பொருள்களும்

இப்போது நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் காலி இடம் அதிகமானால் ஈரக் காற்றும் அதிகம். ஆகவே டேங்கை ஏறக்குறைய நிரப்பி வைப்பது நல்லது. பம்பில் தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள், விளிம்பு வரை வேண்டாம். சில வாரங்களுக்குப் பெட்ரோல் கெடாது. பல மாதம் என்றால்தான் கவலை.

மூடிய கார் அக்னி நட்சத்திர வெயிலில் அடுப்பாகிவிடும். லைட்டர், சென்ட் டப்பா, பவர் பேங்க் எதையும் உள்ளே விடாதீர்கள். ஆர்.சி. புத்தகமும் பணமும் வீட்டுக்கு. மின்சாரக் கார் வைத்திருப்போர் பெரிய பேட்டரியை முழுதாகவோ காலியாகவோ விடாமல், கையேட்டில் சொன்ன இடைப்பட்ட அளவில் வைக்க வேண்டும். அதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

8. திரும்பி வந்த அன்று

அவசரப்பட்டுச் சாவியைத் திருகாதீர்கள். வண்டிக்கு அடியில் எண்ணெய், தண்ணீர் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பானட்டைத் தட்டித் திறங்கள்; பூனை படுத்திருக்கலாம். ஒயர், எண்ணெய், கூலன்ட் அளவு பாருங்கள். பேட்டரியை மாட்டுங்கள். டயரில் காற்றைச் சரிசெய்யுங்கள். அண்டைக் கட்டையை எடுங்கள். முதல் சில பிரேக்குக்கு 'கரகர' என்று சத்தம் வரும். டிஸ்கில் படிந்த துருதான் அது, தேய்ந்து போய்விடும். முதல் ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். சக்கரம் பிடித்திருந்தால் ஆக்ஸிலேட்டரை முறுக்கி இழுக்காமல், முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். விடவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

முடிவாக...

பேட்டரிக் கணக்கை நோட்டில் போட்டு முடித்த அன்று சாயங்காலம் அதை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எண் நன்றாகத் தெரியும். வரவு, செலவு, பாக்கி என்று விரல் வைத்து இரண்டு தடவை பார்த்தார். "அப்ப என் தப்பு இல்ல" என்றார். ஒரு வருடத்துக்கு மேல் அந்தச் சொல் அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அந்த வீட்டுக்காரரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவரும் யாரோ சொன்னதைத்தான் சொன்னார். ஆனால் சாவியை மட்டும் கொடுத்து விவரத்தைக் கொடுக்காமல் போனால், கெட்டதற்கெல்லாம் சாவி வாங்கியவரே பொறுப்பாகிவிடுகிறார். கூலி வாங்குகிறவர் சொல்லும் உண்மைக்குக் கணக்கு என்ற சாட்சி தேவைப்படுகிறது.

இந்த வருடம் அப்பா வேலை பார்க்கும் வேறொரு வீட்டில் 35 நாள் ஊருக்குப் போனார்கள். மேலே சொன்னவற்றைப் பெரிய எழுத்தில் ஒரே பக்கமாக எழுதிக் கொடுத்தேன். அப்பா அதை வீட்டுக்காரரிடம் காட்டி, இருவரும் சேர்ந்து பேட்டரியைக் கழற்றி, அண்டை கொடுத்து, துணிக் கவர் போட்டார்கள். அவர்கள் திரும்பி வந்த அன்று வண்டி ஒரே செல்ஃபில் எடுத்தது. கவர் காற்றில் விலகிய இடத்தில் காக்கை எச்சத் தழும்பு ஒன்று மட்டும் இருந்தது. அதை அப்பாவே முதலில் காட்டினாராம். "பரவாயில்லப்பா" என்றாராம் வீட்டுக்காரர்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் சர்வீஸ் சென்டரில் நிற்போம்; சிலர் சொந்தமாகக் கார் வாங்குவோம். யாரிடமாவது சாவியைக் கொடுக்கும்போது ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். யாராவது உங்களிடம் சாவி கொடுத்தால், ஒரு பக்கம் கேட்டு வாங்குங்கள்.